சிங்கம் வரைக்கும் வாசிக்கிற இன்னாசி

மைக்கை வாங்கியதும் இன்னாசி இரண்டு முறை இருமுவார். தொண்டைக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று. பிறகு வெற்றிலைப் பெட்டியை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். கடைசி மாடு வெளியேறும்வரை அதைத் தொடமாட்டார். "வாயில ஒண்ணு கெடந்தா வார்த்தை வராதுங்க" என்பார். அன்னவாசல் சுற்றுவட்டாரத்தில் தை பிறந்து வைகாசி வரை எங்கே ஜல்லிக்கட்டு நடந்தாலும், வாடிவாசலுக்கு மேலே கட்டிய மேடையில் அவர் குரல்தான். மற்ற மாதங்களில் உரக்கடையில் வேலை. அங்கே அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"தம்பி, திமிலைப் பிடி, வாலைப் பிடிக்காத!" என்பதோடு போனால் ஒரு தொல்லையுமில்லை. ஆனால் மாட்டுக்கு முன்னால் ஒரு துண்டுச் சீட்டு வந்துவிடும். பதினோரு வரி தலைவர் புராணம். பன்னிரண்டாவது வரியில்தான் மாடு. அந்த மாடு நாலு பேரை உருட்டிவிட்டு வரப்பைத் தாண்டிப் போய் மேயத் தொடங்கியிருக்கும். இன்னாசி அப்போதுதான் 'தென்னாட்டுச் சிங்கம்' வரைக்கும் வந்திருப்பார்.

இந்தச் சீட்டுகளை வாசித்து வாசித்தே அவரிடம் ஒரு சாஸ்திரம் சேர்ந்துவிட்டது. 'அண்ணன்' என்றால் கைதட்டல். 'மாவீரன்' என்றால் எதிர்ப்பக்கம் ஊளை. 'ஒரே தலைவன்' என்றால் பிளாஸ்டிக் நாற்காலி பறக்கும். தலைவர்களைப் புகழ்வதாலும் கண்டிப்பதாலும் வன்முறை கூடுமா, குறையுமா என்று ஆராய்ச்சி செய்ய, இலக்கியா என்ற மாணவி படிவத்தோடு உரக்கடைக்கே வந்துவிட்டாள்.

"புகழ்ந்தா ஆகாதவன் நாற்காலியத் தூக்குறான். திட்டுனா அவுக ஆளு தூக்குறான். பேசாம இருந்தா ரெண்டு பேருமாச் சேந்து என்னையத் தூக்குவாய்ங்க. எதுல ஆத்தா டிக் அடிப்பே?"

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

சிரிக்கச் சிரிக்கச் சொன்னாரே தவிர, போன வருஷம் நடந்ததில் சிரிக்க ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்துத் தலைவர் ஒருவர், ஒரு கூட்டத்துக்குத் தெய்வம், இன்னொரு கூட்டத்துக்குக் கொலைக் குற்றவாளி, ஜாமீனில் வந்திருந்த வாரம் அது. அவர் மாட்டுக்கு வந்த சீட்டில் 'சிறை கண்ட சிங்கம்' என்றிருந்தது. இன்னாசி வாசித்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தக் கைதட்டலுக்கு மயங்கி, மனுஷன் அதையே இரண்டாம் தடவையும் வாசித்தார். அதற்குள் கல் பறந்துவிட்டது. அது விழுந்த இடம் நல்லதம்பியின் இடது கண். இன்னாசிக்குப் பக்கத்து வீட்டுக்காரர். தலைவருக்கு வேண்டியவருமில்லை, வேண்டாதவருமில்லை. தன் மாட்டோடு வரிசையில் நின்றவர். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளையின் வாயால் கெட்டது அடுத்த வீட்டுக்காரர் கண்.

அப்புறம் முறைப்படி எல்லாம் நடந்தது. தலைவர் ஆறுதல் அறிக்கை விட்டார். எதிர்த்தரப்பு கண்டன அறிக்கை விட்டது. இரண்டிலும் நல்லதம்பியின் ஊர்ப் பெயர் தப்பு. தாலுகா ஆபீஸ் சமாதானக் கூட்டத்தில் இரு தரப்பும் டீ குடித்துவிட்டு, கல்லை யாருமே எறியவில்லை என்று ஒற்றுமையாகக் கையெழுத்துப் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் கட்டிலின் கால்மாட்டில் ஒரு மணி நேரம் நின்ற இன்னாசிக்கு மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை.

இந்த வருஷமும் அதே திடல். தலைவர் மாட்டுக்கு அடுத்த டோக்கன் நல்லதம்பி மாட்டுக்கு. கண் போனபின் அவர் வீட்டோடு இருக்கிறார். கயிற்றைப் பிடித்து வரிசையில் நின்றது மகள் சத்யபிரியா. அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். வார்த்தை வருவதற்கு முன்பே நாற்காலிகள் பாதி எழும்பியிருந்தன.

தலைவரின் ஆள் செந்தமிழன் மேடைக்கே ஏறிவந்து சீட்டை நீட்டினான். 'பொய் வழக்கை வென்ற ஒரே தலைவன்.' "வாசிங்கண்ணே. இல்லாட்டி ஒழுங்கா எறங்க மாட்டீங்க."

எதிர்த்தரப்பு கோபிநாத்தும் பின்னாலேயே வந்துவிட்டான். 'கொலைகாரன் மாட்டை ஊரே காறித் துப்புகிறது.' "இதையும் வாசிங்க. அதை மட்டும் வாசிச்சா நாங்க பாத்துக்கிருவோம்."

வாசிக்கச் சொல்லிவிட்டு, இருவரும் வேடிக்கை பார்க்கத் தங்கள் தங்கள் கூட்டத்துக்கு இறங்கிப் போனார்கள்.

இன்னாசி இரண்டு முறை இருமினார். திடல் வாயைப் பிளந்து காத்திருந்தது. அவர் மைக்கை அணைத்தார். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, சுண்ணாம்பு தடவி, பாக்கோடு இரண்டு சீட்டுகளையும் உள்ளே வைத்து மடித்து வாயில் போட்டு மெல்லத் தொடங்கினார்.

தலைவரின் மாடு பேரில்லாமல் வெளியே வந்தது. வேறு வழியில்லாமல் கூட்டம் மாட்டைப் பார்த்தது. அடுத்து நல்லதம்பியின் மாடு. கயிற்றை உருவிவிட்டு, தடுப்புக் கட்டையோரமாக மாட்டைப் பிடிக்க ஓடினாள் சத்யபிரியா. அவளுடைய மஞ்சள் துப்பட்டா கடைசித் தடுப்பைத் தாண்டும்வரை இன்னாசி கண்ணெடுக்கவில்லை.

"யோவ், சீட்டு எங்கய்யா?" செந்தமிழனும் கோபிநாத்தும் ஒரே குரலில் கத்திக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் ஏணியில் ஏறினார்கள், பின்னால் இருவரின் ஆட்களும்.

இன்னாசி மெல்வதை நிறுத்தாமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கால்நடை டாக்டர் அருணாவின் கையில் அதைப் பத்திரமாக வைத்து, அவர் விரல்களை மூடிவிட்டார்.