படுக்கைக்கு அடியில் ஒரு சத்தம்

பியோ மல்சுக்கின் வலது காது பாதிதான் கேட்கும். தேகு நகரத்து நெசவாலையில் பதினேழு வருஷம் தறிகளுக்கு நடுவே நின்றதில் வந்த வினை. ஆலையை மூடிய பிறகு, நாற்பத்து மூன்றாவது வயதில், அரசாங்கப் பயிற்சி மையத்தில் நான்கு மாதம் படித்து அவள் பிடித்த தொழிலோ காதை நம்பிய தொழில். குளிருக்கு வீட்டைச் சூடாக்கத் தரைக்கு அடியில் ஓடும் வெந்நீர்க் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். வகுப்பில் பத்தொன்பது ஆண்கள், இவள் ஒருத்தி. "ஒழுகுறது ஒரு எடத்துலதானே, ஒரு காது போதும்" என்று சிரித்துக்கொண்டே ஜேச்சொன் ஊரில் பத்து வருஷம் ஓட்டிவிட்டாள்.

போன குளிர்காலத்தில் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. ஒரு வீட்டில் மூன்று இடத்தில் தரையை உடைத்தாள். மூன்றும் சொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தன. கடைசியில் பார்த்தால் ஒழுகல் சமையலறைச் சுவருக்குள் இருந்தது. வீட்டுக்காரன் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "செவிட்டுப் பொம்பளையக் கூட்டியாந்து சத்தம் தேடச் சொன்னா இப்படித்தான்" என்றான். அன்றிலிருந்து சுத்தியலை ஓங்கும்போதெல்லாம் அவள் கை ஒரு நொடி நின்றது.

இந்த ஜனவரியில் ஒரு நாள் காலை, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய ஐந்து மாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு வந்தது. கூப்பிட்டவள் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் மியொங் சொன்ஹே. சந்தையில் கிம்ச்சி என்ற முட்டைக்கோஸ் ஊறுகாயும் தொடுகறிகளும் விற்பவள். மல்சுக் கருவிப் பெட்டியோடு படியேறும்போதே மாடிப்படியில் அவள் குரல் கணீரென்று கேட்டது.

"பன்னண்டு நாளா பெட்ரூம் கூரை ஒழுகுது, அடியில பேசின் வெச்சுட்டு ஹால்ல படுத்துக் கெடக்கேன். மேல இருக்கிற பெரியவர் என்னடான்னா பாய்லர் நல்லாத்தான் ஓடுதுங்கறாரு!"

"நல்லாத்தானே ஓடுது" என்றார் நான்காம் மாடி வாசலை அடைத்து நின்ற நம்குங். ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். "உன் வீட்டுச் சொவத்துல என்ன கோளாறோ!"

"ஆமாமா, என் கூரை தானா அழுவுது!"

மல்சுக் இருவருக்கும் நடுவே புகுந்து நான்காம் மாடி வீட்டுக்குள் போனாள். பாய்லரை அணைத்தாள். ஒவ்வொரு அறையின் குழாயையும் தனித்தனியாக மூடி, காற்றை ஏற்றி, அழுத்தமானியைப் பார்த்தாள். ஹாலின் முள் அசையவில்லை. சமையலறை முள்ளும் அப்படியே நின்றது. படுக்கையறையின் முள் மட்டும் மெல்ல மெல்ல இறங்கியது; ஓட்டை அங்கேதான்.

"அந்த ரூம்ல மட்டும் கை வைக்கக் கூடாது" என்றார் நம்குங் சட்டென்று. "என் சம்சாரம் படுத்திருக்கா. கணுக்கால்ல தகடு வெச்சிருக்கு. குளிர் பட்டா வலியில உயிர் போயிடும் அவளுக்கு."

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு டிகிரி. அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் உள்ளேயிருந்து அவர் மனைவி யாங்னிம் குரல் கொடுத்தாள். "வரட்டும் விடுங்க. யாரும் பேச்சுக்கொடுக்க வர்றதில்ல, குழாய் பாக்கவாவது ஒரு ஆளு வந்துச்சே!"

அறை நடுவே தரையில் கனமான மெத்தை விரித்திருந்தது. மல்சுக் ஓரத்திலிருந்து தொடங்கி, கசிவின் சத்தத்தைப் பெரிதாக்கும் கருவியைத் தரையில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இடது காதால் கேட்டுக்கொண்டே முழங்காலில் நகர்ந்தாள். ஜன்னல் பக்கம் ஒன்றுமில்லை. அலமாரிப் பக்கமும் அமைதி. மெத்தையை நெருங்க நெருங்க, வாணலியில் எண்ணெய் காய்வதுபோல ஒரு மெல்லிய சீறல். மெத்தையின் நடுவுக்குக் கீழே அது தெளிவாகக் கேட்டது.

"அம்மா, உங்க முதுகுக்கு அடியில சூடு எப்படி இருக்கு?"

"ஒரு பத்து நாளா நல்லா சுடுதும்மா. பாய்லருக்குப் புத்தி வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டேன்."

"கேட்டீங்களா!" என்று வாசலிலிருந்து கத்தினாள் சொன்ஹே.

நம்குங்கின் முகம் சிவந்தது. "ஒடச்சுட்டு அங்க இல்லேன்னா என்ன பண்ணுவ? நொண்டிக் காலோட இவள எங்க தூக்கிட்டுப் போறது?"

மல்சுக்குக்கு அந்தப் போன வருஷத்து வீட்டின் மூன்று குழிகளும் கண்முன் வந்தன. சமாளித்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தவள் உண்மையையே சொன்னாள்.

"இல்லாமலும் போகலாம் ஐயா. போன வருஷம் ஒரு வீட்டுல மூணு தடவ தப்பா ஒடச்சேன். ஒரு காது எனக்குச் சரியாக் கேக்காது. இப்பவும் சுத்தியல ஓங்குனா கை நின்னுடுது. ஆனா சத்தம் இங்கதான் வருது."

பெரியவர் அவள் கையைப் பார்த்தார். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அங்கதான்மா இருக்கு" என்றார். "ஓட்டை போட்டது நான்தான்."

மனைவி பிடித்துக்கொண்டு எழுந்திருக்க வசதியாக இருக்கட்டும் என்று, இலையுதிர் காலத்தில் மெத்தைப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பத்தை நட்டு, தரையில் நாலு போல்ட்டு முடுக்கியிருந்தார். நடைவண்டி பிடித்து அவள் நடக்கத் தொடங்கியதும், புது வருஷத்தன்று அதைக் கழற்றி, துளைகளை அடைத்து, மெத்தையை மேலே இழுத்துப் போட்டுவிட்டார். குழாயைத் துளைத்திருந்த போல்ட்டே அதுவரை ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. மறுநாள் கீழ்வீட்டுக் கூரை நனைந்தது.

"அப்பவே புரிஞ்சுபோச்சு. இவளுக்காகப் பண்ணப் போய் இப்படி ஆயிடுச்சேன்னு... சொல்ல வாய் வரல."

யாங்னிம் புருஷனை முறைத்தாள். "நடு ராத்திரியில எழுந்து எழுந்து மெத்தைக்கு அடியில கைய விட்டுத் தடவுனீங்களே, நான் என்னன்னு நெனச்சேன் தெரியுமா? இந்த வயசுல இந்த மனுஷனுக்கு என்ன ஆசைன்னு நெனச்சேன்!"

முதலில் சிரித்தது சொன்ஹேதான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தவள், பிறகு உள்ளே வந்து மெத்தையோரம் குனிந்து முதுகைக் காட்டினாள். "ஏறுங்கக்கா. என் வீட்டு ஹால் கதகதன்னு இருக்கு. இங்க வேலை முடியறவரைக்கும் அங்க இருங்க."

"நான் கனமாச்சே!"

"முட்டைக்கோஸ் மூட்டையவிடவா?"

அவர்கள் படியிறங்கிப் போனதும் மல்சுக் மெத்தையை ஓரமாகத் தள்ளி, தரை விரிப்பைச் சுருட்டினாள். பூசி அடைத்த நாலு வட்டங்கள் தெரிந்தன. நாலில் எது? மறுபடி காதை வைத்தாள். நாலில் சுவர்ப் பக்கம் இருந்த வட்டத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கட்டம் போட்டு, மூச்சை இழுத்துக்கொண்டு உளியில் அடித்தாள். பத்தாவது அடியில் சிமென்ட் ஈரமாகப் பெயர்ந்தது. அடுத்த துண்டைத் தூக்கியதும் வெதுவெதுப்பான ஆவி முகத்தில் அடித்தது. குழாயில் கடுகளவு ஓட்டை. "அப்பாடா!" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த நம்குங்கும் அதையே சொன்னார்.

அந்தத் துண்டை வெட்டி எடுத்து, இணைப்பு போட்டு, மறுபடி காற்றை ஏற்றினாள். ஒரு மணி நேரம் இருவரும் குளிரில் கோட்டைப் போர்த்திக்கொண்டு முள்ளையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். முள் மயிரிழைகூட இறங்கவில்லை. குழியைப் பூசி மூடிவிட்டு பாய்லரைப் போட்டாள்.

கீழே போய்ச் சொன்னபோது யாங்னிம் அரிசிமாவு வில்லைகள் போட்ட சூப் குடித்துக்கொண்டிருந்தாள். "நான் மேல வரல. இங்க டிவி பெருசா இருக்கு" என்றாள் புருஷனிடம்.

சொன்ஹே வாசலில் நின்ற பெரியவரை உள்ளே இழுத்தாள். "நிக்காதீங்க, உக்காந்து சாப்பிடுங்க. கூரை காஞ்சதும் நீங்கதான் ஏணி போட்டு, நனைஞ்ச கூரைப் பேப்பரக் கிழிச்சுட்டுப் புதுசா ஒட்டித் தரணும்."

"ரெண்டு அடுக்கா ஒட்டித் தரேன்" என்றார் அவர், தலை நிமிராமல்.

மல்சுக்குக்கும் ஒரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் காலை நீட்டினாள். தரையின் சூடு முதுகெலும்பில் ஏறியது. காலையிலிருந்து விறைத்துப்போயிருந்த தோள்கள் மெதுவாகத் தளர்ந்தன. ஒரு நிமிஷம் கண்ணை மூடலாம் என்றுதான் சாய்ந்தாள். சாயங்காலம் விழித்தபோது யாரோ போர்வை போர்த்திவிட்டிருந்தார்கள். டிவியின் சத்தத்தை நிறுத்திவிட்டு மூன்று பேரும் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.