சவரிநாதன் சாரின் மூன்று வேண்டாம்

ஆவூருக்கு மேற்கே உள்ள ஒரு சிற்றூரில் தாழ்ச்சிக்குப் பேர் போனவர் சவரிநாதன் சார். அந்தப் பேர் வந்ததில் அவருடைய சொந்த உழைப்பு கணிசமானது. மணமேல்குடியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு பூசையில் பழைய ஏற்பாட்டு வாசகம் அவருக்கென்றே ஒதுக்கப்பட்டது. கடவுளின் சொல்லை ஊருக்குச் சொன்ன இறைவாக்கினர்கள் அவர் தொண்டை வழியாக இடிபோல இறங்குவார்கள். ஆமோஸ் வருகிற ஞாயிறுகளில் பின்வரிசையில் கைக்குழந்தைகள் அழும்.

தவக்காலம் வந்துவிட்டால், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டங்களில் தாழ்ச்சியைப் பற்றிப் பேசுவதும் அவர்தான். அவருடைய கண்டுபிடிப்பு எளிமையானது. கடவுள் கூப்பிட்டதும் சரி என்று தலையாட்டிய இறைவாக்கினர் யாருமில்லை. மோசே தனக்கு வாய் திக்கும் என்றார். எசாயா தன் உதடு அசுத்தம் என்றார். எரேமியா தான் சின்னப்பிள்ளை என்றார். யோனா பதிலே சொல்லாமல் கப்பல் ஏறிவிட்டார்.

"ஆக, மறுக்கிறதுதான் தாழ்ச்சி. வற்புறுத்துறது கடவுளோட வேலை" என்று முடிப்பார். அந்த எசாயாவே அடுத்த நிமிடம் 'நான் போகிறேன்' என்று முன்வந்ததை, நேரம் கருதி விட்டுவிடுவார்.

கொள்கையை அவர் வாழ்ந்தும் காட்டினார். பெரிய வியாழன் மாலைப் பூசையில், ஆண்டவர் சீடர்களின் பாதம் கழுவியதை நினைத்து, பங்குச்சாமி பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவார். பீடத்துக்கு முன்னால் போடுகிற நாற்காலிகளில் முதலாவது சாருக்கு. ஆனால் அதில் அவர் சும்மா போய் உட்கார்ந்துவிட மாட்டார். சாமி கேட்பார், "எனக்கென்ன அருகதை" என்பார் சார். மறுபடி கேட்பார், "தகுதியானவங்களப் பாருங்க" என்பார். மூன்றாவது தடவை ஊர்ப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து சாமி கெஞ்ச, சார் பெருமூச்சு விட்டு, "ஆண்டவரோட சித்தம்" என்று பணிவார். எத்தனையோ பங்குச்சாமிகள் வந்து போனார்கள். இந்த ஏற்பாடு மட்டும் மாறவில்லை.

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனன்றே அவர் குதிகால் வெடிப்புக்குக் களிம்பு பூசத் தொடங்கிவிடுவார். வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பது மனைவி ஜெபமாலையம்மாள். அந்த அம்மாளுக்குச் சமையல், தோட்டம், ஆடுகள் எல்லாம் உண்டு, இது கூடுதல்.

இந்த வருடம் புதிதாக வந்த பங்குச்சாமி ஃபாதர் லியோ. இளைஞர். சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் கோளாறு அவருக்கு இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் கேட்டார். "சார், வியாழக்கிழமை பன்னிரண்டு பேர்ல ஒங்க பேரையும் போட்டுக்கிடவா?"

"ஐயோ சாமி, எனக்கென்ன அருகதை!"

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஃபாதர் காபி குடிக்கப் போய்விட்டார்.

சார் கோயில் வாசலிலேயே நின்றார். இன்னும் இரண்டு வேண்டாம் அவரிடம் கைவசம் இருந்தன, கேட்கத்தான் ஆளில்லை. சாயங்காலம் வரை பொறுத்தார். பிறகு ஒரு பை நிறைய முருங்கைக்காயோடு சாமி பங்களாவுக்குப் போனார்.

"காலையில ஏதோ கேட்டீங்களே சாமி... கூட்டத்துல சரியா காதுல விழுகல."

"அதுவா சார்? நீங்க அருகதை இல்லைன்னு சொன்னது அப்படியே மனசுல தச்சிருச்சு. அந்த எடத்துக்கு வேற ஆள் பாத்துட்டேன்."

"யாரு சாமி?"

"ஒங்க வீட்டம்மாதான்."

பெண்களையும் அமர்த்தலாம் என்று ரோமிலிருந்து அனுமதி வந்து வருடங்களாகின்றன. அந்த ஊருக்கு அது ஃபாதர் லியோவோடுதான் வந்து இறங்கியது.

வீட்டுக்கு வந்ததும் சார் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நெசமாவே சரின்னுட்டியா?"

"ஆமாங்க. கேட்டாரு, சொன்னேன்."

"ஒரு பேச்சுக்காச்சும் வேண்டாம்னு சொன்னியா?"

"எதுக்கு? எனக்கும் ரெண்டு காலு இருக்குல்ல."

"எரேமியா என்ன சொன்னாரு..."

"அவர விடுங்க. அவரக் கூப்புட்டது அடி வாங்குறதுக்கும் சேறு நெறஞ்ச கெணத்துல கெடக்குறதுக்கும். வேண்டாம்னு சொல்லாம என்ன செய்வாரு? இங்க நாற்காலி போட்டுக் காலுல்ல கழுவுறாங்க!"

அன்பியத்துக்காக வீட்டில் சத்தம் போட்டு ஒத்திகை பார்த்ததன் விளைவு இது. ஆனாலும் சார் அன்று இரவும் களிம்பு பூசிக்கொண்டார். கடைசி நேரத்தில் யாருக்காவது காய்ச்சல் வரலாம்.

யாருக்கும் வரவில்லை. பெரிய வியாழனன்று மற்ற பதினோரு பேரும் வெள்ளை வேட்டியில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாற்காலி காலி. சாரின் கண் அதிலேயே இருந்தபோது ஃபாதர் வேகமாக வந்தார்.

"சார், பேசின் பிடிக்கிற ஜஸ்டினுக்கு பஸ் கெடைக்கலையாம். நீங்க..."

"சரிங்க சாமி" என்றார் சார், கேள்வி முடிவதற்குள். இனி ஒரு வேண்டாமைக்கூட நம்ப முடியாது.

அப்போதுதான் ஜெபமாலையம்மாள் ஓட்டமும் நடையுமாக வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். எவர்சில்வர் பேசினைக் கையில் பிடித்தபடி, முழங்கால் வலியோடு, சார் மனைவியின் காலடியில் குந்தினார்.

அந்த ஊரில் ஒரு பழக்கம். கால் கழுவப்படப் போகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அழுக்குக் காலைச் சாமியிடம் நீட்ட முடியுமா? அதனால் பேசினில் விழுகிற தண்ணீர் விழுந்தபடியே தெளிவாக இருக்கும். கொஞ்சம் சந்தன வாசனைகூட வரும்.

ஜெபமாலையம்மாள் காலை நீட்டினார். கணுக்கால் வரை செம்மண். ஃபாதர் தண்ணீரை ஊற்றினார். பேசினில் சிவப்பாக விழுந்தது.

சாருக்கு மானம் போயிற்று. தலையைத் தூக்காமல் கிசுகிசுத்தார். "கழுவிட்டு வரக்கூடாதா?"

"கழுவத்தானே கூப்புட்டாரு" என்றார் அம்மாள், பாடகர் குழுவுக்கே கேட்கும்படி. "ஒரு குட்டி ஓடிப்போச்சு. தேடிப் புடிச்சு அடைச்சுட்டு ஓடியாறேன்."

மண் கரையக் கரையக் குதிகால் தெரிந்தது. பாளம் பாளமாக வெடித்து, ஒன்றில் ரத்தம் காய்ந்து போயிருந்தது. உப்பு வெந்நீரும் களிம்பும் வருடக்கணக்காக எந்தக் காலுக்குப் போய்க்கொண்டிருந்தன என்பது சாருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் பட்டதும் அந்தக் கால் சுள்ளென்று பின்னால் இழுத்துக்கொண்டது. சார் பேசினை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தினார். பிறகு மற்ற பதினோரு பேரிடமும் குந்தியபடியே நகர்ந்தார். சோப்பு வாசனை அவருக்கு அன்று பிடிக்கவில்லை.

அன்று இரவு வீட்டில் களிம்பு டப்பாவை எடுத்து மனைவி பக்கத்தில் வைத்தார். அம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "மூடியத் தொறந்து வைங்க" என்றார்.

ஈஸ்டர் முடிந்து வந்த அன்பியக் கூட்டத்துக்குத் தயாராகும்போது சார் எரேமியாவைக் கைவிட்டு ஆமோஸுக்கு மாறியிருந்தார். வழக்கம்போல வீட்டில் ஒத்திகை.

"ஆமோஸைப் பாருங்க! ஆடு மேய்க்கிறவரு. ஆண்டவர் கூப்புட்டாரு. மறுபேச்சு இல்ல. போட்டது போட்டபடி கெளம்பிட்டாரு!"

வாசலில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஜெபமாலையம்மாள் கேட்டார். "ஆட்ட யாருகிட்டங்க விட்டுட்டுப் போனாரு?"

சார் வேதாகமத்தைப் புரட்டினார். முன்னே புரட்டினார், பின்னே புரட்டினார். அந்தச் செய்தி அதில் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து கயிற்றை அவிழ்த்தார்.

"நீ இரு. இன்னைக்கு நான் ஓட்டிட்டுப் போறேன்."

ஜெபமாலையம்மாள் ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.