வரதன் சாரின் எண்ணெய் முகமும் என் கத்தியும்

1. புதன்கிழமை முகங்கள்

ஸ்ரீரங்கத்தில் நான் முதன்முதலாகக் கத்தி பிடித்தது ஒரு புதன்கிழமை. தெரியாமல் போய் மாட்டிக்கொண்டேன்.

மொட்டைக் கோபுரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பஸ் திரும்புகிற இடத்தில் அருணாசலம் முதலாளியின் சலூன் இருந்தது. மூன்று நாற்காலி. மூன்றாவது நாற்காலிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு லால்குடிப் பக்கத்திலிருந்து வந்திருந்தேன். வயது இருபத்துநாலு. ஊரில் ஐந்து வருஷம் தொழில் பார்த்தவன் என்ற தெனாவெட்டு வேறு.

அந்தக் காலத்துப் பழக்கத்தைச் சொன்னால்தான் இப்போது தொழில் பார்க்கிற தம்பிகளுக்குப் புரியும். செவ்வாய், வெள்ளியில் யாரும் சவரம் செய்துகொள்ள மாட்டார்கள். புதனும் சனியும் ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். சவரம் செய்தவன் குளிக்காமல் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து எங்கள் வாடிக்கைக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். புதன்கிழமை காலையில் உச்சியிலிருந்து தாடை வரைக்கும் நல்லெண்ணெயைத் தேய்த்துக்கொள்வது, அது ஊறுகிற அரைமணி நேரத்தை வீணாக்காமல் சலூனுக்கு வந்து உட்கார்ந்துவிடுவது, சவரம் முடிந்ததும் நேரே காவிரிக்குப் போய்ச் சீயக்காய் போட்டுக் குளிப்பது. ஒரே குளியலில் எல்லாம் முடிந்தது.

அவர்களுக்கு முடிந்தது. எனக்கு? எண்ணெய் முகத்தில் நுரை நிற்குமா? பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வழிந்து கழுத்துத் துணியில் இறங்கியது. கத்தி வழுக்கியது. முதல் ஆளிடம் முகத்தைக் கழுவிக்கொண்டு வரும்படி பணிவாகச் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சவரம் பண்ணிட்டுக் குளிக்கத்தானே போறேன்? அதுக்கு முன்னாடி எதுக்குய்யா கழுவணும்?"

பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

மறு புதன்கிழமைக்குள் நானும் ஒரு வழி கண்டுபிடித்தேன். துணி துவைக்கிற சவுக்காரக் கட்டியை வெந்நீரில் கரைத்து, துண்டை அதில் நனைத்து முகத்தை அழுத்தித் தேய்த்துவிடுவது. பிறகு நுரை, கத்தி. கடைசியில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு துடைப்பு. முகம் கழுவி வைத்த பித்தளைச் சொம்பு மாதிரி இருக்கும். வெயிலில் காய்ந்து தடித்த தோல்காரர்களுக்கு அது ஒன்றும் செய்யவில்லை. ஒரு வருஷத்தில் மூன்றாவது நாற்காலிக்கென்று காத்திருக்கிற ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். முதலாளிக்கும் சந்தோஷம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. கையில் வேப்பிலை

வரதன் சார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீஸில் கிளார்க். இருபத்தாறு வயது இருக்கும். தங்கமான மனுஷர், ஆனால் முகத்தில் எண்ணெய் ஊற்றெடுக்கும். காலையில் கழுவினால் பத்து மணிக்கெல்லாம் மூக்கும் நெற்றியும் மினுங்கும். கன்னத்திலும் தாடையிலும் பருக்கள். இரண்டு வரன்கள் அந்த முகத்தாலேயே தட்டிப்போனதாக அவரே நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவதாகத் திருவெள்ளறையில் ஒரு பெண். பெயர் செண்பகம். விவசாயக் குடும்பம். வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்தவளை வரதன் சார் ஒருமுறை பார்த்திருந்தார். அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லை. இந்தப் பெண் அமையவில்லை என்றால் இப்போதைக்குக் கல்யாணப் பேச்சே எடுக்காதீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெண் பார்க்கப் போகிறார்கள். காலையில் என் நாற்காலிக்கு வந்தார்.

"இன்னைக்கு ஒரு நாள் மட்டும் என் முகத்துல எண்ணெய் தெரியக் கூடாது மாணிக்கம்."

என்னிடம் போய் இப்படிச் சொன்னால் கேட்கவா வேண்டும்? சவுக்காரத் துண்டால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை தேய்த்தேன். மேலிருந்து கீழே ஒரு கத்தி. வழவழப்பு போதாதென்று கீழிருந்து மேலே எதிர்சவரம். அதுவும் போதாதென்று இன்னொரு எதிர்சவரம். பருக்களின் தலை கத்தியோடு வந்தது. ரத்தம் நிற்கப் படிகாரத்தைப் போட்டுத் தேய்த்தேன். அதன் மேல் ஸ்பிரிட். மனுஷர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. கொஞ்சம் சிவந்திருந்தது. மத்தியானத்துக்குள் அடங்கிவிடும் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன்.

அடங்கவில்லை. வெயில், பஸ் கூட்டம், வியர்வை. திருவெள்ளறையில் இறங்கும்போது இரண்டு கன்னமும் தாடையும் கழுத்தும் முத்து முத்தாகத் தடித்துச் சிவந்துவிட்டதாம். வாசலில் வரவேற்க வந்த பெண்ணின் அம்மா முகத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். அம்மை போட்டிருக்கிற பிள்ளையை இப்படிப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வரலாமா என்று வரதன் சாரின் அப்பாவைக் கண்டித்தாளாம். அவர் ராமசாமி அய்யா, தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயரானவர். இது சவரக் கோளாறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெட்கமோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டார். வாசலிலேயே ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்து, பையன் கையில் ஒரு கொத்து வேப்பிலையும் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி மூன்று வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் ராமசாமி அய்யா சலூனுக்கு வந்து அந்த வேப்பிலைக் கொத்தை என் நாற்காலியில் வைத்தார். நடந்ததை எல்லார் முன்னாலும் சொன்னார். முதலாளி எனக்கு ஒரே வார்த்தைதான் சொன்னார், பெட்டியைக் கட்டு என்று. நான் தலை நிமிரவில்லை. அப்படி ஒரு அவமானம் அதற்கு முன்பும் பட்டதில்லை, பின்பும் பட்டதில்லை.

அப்பாவுக்குப் பின்னால் வீங்கிய முகத்தோடு நின்ற வரதன் சார்தான் பேசினார்.

"இவரை அனுப்பிட்டா என் முகம் சரியாயிடுமாங்க? கெடுத்தவரே சரி பண்ணட்டும். மூணு வாரம் இருக்குல்ல."

முதலாளி யோசித்தார். மூன்று வாரத்தில் அந்த முகம் தேறவில்லை என்றால் நானே பெட்டியை எடுத்துக்கொண்டு லால்குடி பஸ் ஏறிவிட வேண்டும் என்று முடிவானது.

3. மூன்று வாரம்

முதல் வாரம் கத்தியே வைக்கவில்லை. ஆபீஸில் திருப்பதிக்கு வேண்டுதலா என்று கேட்டார்களாம். ஆமாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம்தான் அவரிடம் ஒவ்வொன்றாக விசாரித்தேன். முகத்தில் எண்ணெய் தெரிகிறதே என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை சோப்புப் போட்டுக் கழுவுவாராம். அதுவும் எந்தச் சோப்பு? ஒர்க்‌ஷாப்பில் கிரீஸ் கையைக் கழுவ வைத்திருக்கிற சோப்பு. கழுவக் கழுவ எண்ணெய் இன்னும் கூடுகிறது என்றார். என் சவுக்காரமும் அதே வேலையைத்தானே செய்தது? சுரண்டி எடுத்தால் தோல் ரோஷப்பட்டு இரண்டு பங்காகச் சுரக்கிறது என்று எனக்குப் பட்டது. இதை எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை, பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

அடுத்து, தலை. அவர் அம்மா தினமும் பிள்ளை தலையில் ஒரு கை தேங்காய் எண்ணெய் வைத்து அழுத்துவாள். அது நெற்றி வழியாகக் கன்னத்துக்கு இறங்கும். எண்ணெயைக் குறைக்கச் சொன்னேன். வீட்டில் சண்டையே வந்துவிட்டது. நான் உயிரோடு இருக்கும்போது பிள்ளையைப் பரட்டைத் தலையோடு அனுப்பச் சொல்கிறானா அந்த மாணிக்கம் என்று கேட்டாளாம். கடைசியில் உச்சியில் மட்டும் நாலு சொட்டு என்று சமாதானம் ஆனது.

ஆறு தடவை சோப்பை நிறுத்தி, காலையும் மாலையும் பயத்தமாவைத் தண்ணீரில் குழைத்துத் தடவிக் கழுவச் சொன்னேன். அம்மாவின் அடுக்களையிலிருந்து அவர் அதைப் பொட்டலம் கட்டிக்கொண்டு சலூனுக்கும் வருவார். கல்யாணப் பொண்ணு அவளா இவனா என்று அம்மா கேட்டதை அவரே சொல்லிச் சிரித்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

இரண்டாவது வாரம் கத்தியை எடுத்தேன். செய்த விதத்தைச் சொல்கிறேன், இன்றைக்கும் எண்ணெய் முகத்துக்கு இதற்கு மேல் எனக்குத் தெரியாது. முதலில் பயத்தமாவும் வெதுவெதுப்பான தண்ணீரும். தேய்ப்பு கிடையாது, தடவல்தான். பிறகு நுரையைக் கெட்டியாக அடித்துப் போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் முடி ஊறும்வரை சும்மா நிற்க வேண்டும். சும்மா நிற்பதுதான் கஷ்டம், கை பரபரக்கும். கத்தியை வெந்நீரில் கழுவி, தோல் வாரில் நன்றாகத் தீட்டிக்கொண்டு, முடி போகிற திசையிலேயே ஒரே ஒரு தடவை. அவருக்குக் கழுத்தில் முடி பக்கவாட்டில் படுத்திருக்கும், கத்தியும் அப்படியே போக வேண்டும். பருவைச் சுற்றிப் போக வேண்டுமே தவிர மேலே ஏறக் கூடாது. ஒன்றிரண்டு முடி தங்கினால் தங்கட்டும். பிறகு பச்சைத் தண்ணீர். ஈரப் படிகாரத்தை ஒரு இழுப்பு இழுத்து உடனே கழுவிவிட்டு, அவருடைய சொந்தத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்பிரிட் பாட்டிலைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

மூன்றாவது வாரம் சிவப்பு போய்விட்டது. பருக்கள் வற்றின. எண்ணெய் போய்விட்டதா என்றால் இல்லை. மத்தியானம் மூக்கு மினுங்கத்தான் செய்தது. அது அவர் தோல், மினுங்கத்தான் செய்யும். ஆனால் முகம் அமைதியாக இருந்தது.

4. செண்பகம் சொன்னது

இரண்டாவது தடவை போகும்போது என்னையும் பெட்டியோடு கூட்டிப் போனார்கள். காலையிலேயே சவரம் செய்தால் போய்ச் சேருவதற்குள் மினுங்கிவிடுமே என்று வரதன் சாருக்குப் பயம். திருவெள்ளறைக்கு வெளியே ஒரு வயலில் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. வேப்பமரத்தடியில் அவரை உட்கார வைத்துச் சவரத்தை முடித்தேன். சவரம் செய்தால் குளிக்க வேண்டுமே. மாப்பிள்ளை இடுப்பில் துண்டோடு பம்புசெட்டுத் தொட்டியில் முங்க, ராமசாமி அய்யா பட்டுக்கரை வேட்டியையும் சட்டையையும் கையில் ஏந்திக்கொண்டு வரப்பில் நின்றார். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

பெண் வீட்டில் நான் வாசல் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். உள்ளே எல்லாம் என் கண்ணுக்குத் தெரிந்தது. பெண்ணின் அம்மா வரதன் சாரை உற்று உற்றுப் பார்த்தாள்.

"அன்னைக்கு வந்த பையன் எங்கங்க?"

இவன்தான் என்றார் ராமசாமி அய்யா.

"அத்தனை அம்மை போட்ட முகத்துல ஒரு வடு கூடவா இல்லாம போகும்? அண்ணனைக் காட்டிட்டுத் தம்பியைக் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?"

பெண்ணின் அப்பா, கறுத்து உயர்ந்த மனுஷர், எழுந்து நின்றுவிட்டார். வரதன் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பேசினால் ராமசாமி அய்யா அன்று மறைத்தது வெளியே வரும். பேசாவிட்டால் இவர்கள் ஆள் மாறாட்டக்காரர்கள் ஆவார்கள். எழுந்து நிலைப்படி வரை போனேன்.

"அம்மா, அன்னைக்கு அது அம்மை இல்லைங்க. என் கத்தி. நான்தான் சார் முகத்தைப் புண்ணாக்கிட்டேன்."

பெண்ணின் அப்பா ராமசாமி அய்யாவைப் பார்த்து, இதை அன்றைக்கே சொல்வதற்கென்ன என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அப்போது உள்கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அது அம்மை இல்லைன்னு அன்னைக்கு ஜன்னல் வழியா பார்த்தப்பவே எனக்குத் தெரியும்ப்பா."

செண்பகம் கதவைத் தாண்டி வந்து நின்றாள்.

"அம்மைன்னா நெத்தியில இருக்கும், கையில இருக்கும். இவருக்குத் தாடி முளைக்கிற இடத்துல மட்டும்தான் இருந்துச்சு. காதுகிட்ட கோடு போட்ட மாதிரி நின்னுடுச்சு."

அம்மா அவளை முறைத்தாள். "ஏண்டி, அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"யாராவது என்னைக் கேட்டீங்களா?"

முதலில் சிரித்தது அவள் அப்பாதான். திரும்ப உட்கார்ந்து திண்டில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, இப்போது கேட்கிறேன், பையனைப் பிடித்திருக்கிறதா என்றார்.

அவள் வரதன் சாரை ஒரு பார்வை பார்த்தாள். "அன்னைக்கு அந்த எரிச்சல்லயும் யார் மேலயும் கோவப்படாம மோர் குடிச்சுட்டுப் போனாரு. பிடிச்சிருக்குப்பா."

தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சவரம் நான்தான். முதலாளி பெட்டியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

பெண் பார்த்துவிட்டுத் திருவெள்ளறையிலிருந்து திரும்பிய மறுநாள் காலை, என் முதல் ஆள் ஒரு வருஷமாக என்னிடமே சவரம் செய்துகொள்கிற ஜவுளிக்கடைக்காரர். பிரஷ்ஷைக் கையில் எடுத்தவன் நிறுத்தினேன். முகத்தில் எங்கேயாவது எரிகிறதா என்று கேட்டேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். இடது தாடைக்குக் கீழே, ஒவ்வொரு சவரத்துக்கும் இரண்டு நாள் எரியும் என்றார்.

ஒரு வருஷமாகவா என்று எனக்குத் திக்கென்றது. "ஏங்க இத்தனை நாள் சொல்லலை?"

"நீ கேட்டாத்தானேய்யா" என்றார்.