பலூனும் சம்பந்தி மரியாதையும்

ஆபரேஷன் தியேட்டரில் மெஷின் ஓட்டுகிறவன் பெயர், மெஷின் நின்றால்தான் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். அதே தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூறுகளில் கோவை ஆஸ்பத்திரி ஒன்றில் நான் பலூன் பம்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொடை வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் போகும் பலூன், துடிப்புக்கு ஏற்ப உப்பிச் சுருங்கி, தளர்ந்த இதயத்துக்குக் கை கொடுக்கும்.

எத்தனை துளை?

தொண்டாமுத்தூர் தோப்புக்காரர் ராமசாமிக்கு பைபாஸ் செய்யக்கூட நல்ல குழாய் மிச்சமில்லை. லேசரால் இதயத் தசையில் முப்பது துளைகள் போட்டுப் பார்க்கலாம், அதுவரை தாங்குவதற்குப் பலூன் வைக்கலாம் என்று பெரிய டாக்டர் படம் வரைந்து விளக்கினார். பிழைப்பாரா என்று மனைவி வாயெடுப்பதற்குள் மருமகன் முந்திக்கொண்டார். ஊரெல்லாம் போர்வெல் போட்டவர். அந்தச் சிகிச்சையைப் பற்றி அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

"ஏனுங்க டாக்டர், முப்பது குழி போடறீங்க, செரி. எத்தனையில தண்ணி வருமுங்க?"

போட்டோ

புதிதாக வந்திறங்கிய லேசர் மெஷினுக்கு முந்தின நாளே பூஜை போட்டாகிவிட்டது. ஆபரேஷனன்று லேசரோடு எடுக்கும் போட்டோவில் விழக்கூடாதென்று என் பம்ப்பை மூலைக்குத் தள்ளினார்கள். பத்தாவது துளையில் பிரஷர் விழுந்தது. லேசர் நின்றது, எல்லாத் தலைகளும் மூலைப் பக்கம் திரும்பின. ஒரு துடிப்பு விட்டு ஒரு துடிப்புக்கு ஊதிய பலூனைத் துடிப்பு தவறாமல் ஊத வைத்தேன். பிரஷர் ஏறியது, வேலையும் முடிந்தது. பெரிய டாக்டர் லேசரைத் தட்டிக்கொடுத்தார்.

"என்னமா வேலை செஞ்சுது பாத்தீங்களா!"

நீட்டிய கால்

மறுநாள் ஐ.சி.யூ.வில் ராமசாமி பேசினார். பலூன் இன்னும் உள்ளேதான். காலை மடக்கினால் குழாய் மடங்கி பம்ப் நின்றுவிடும், உயிருக்கே ஆபத்து என்று மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் "செரிங்க" என்றார்.

சாயங்காலம் மேட்டுப்பாளையத்திலிருந்து சம்பந்தி வந்தார், மருமகனின் அப்பா. உடனே அலாரம் அலறியது. ஓடிப்போய்ப் பார்த்தால் இந்த மனிதர் முழங்காலை மடக்கி எழுந்து உட்காரப் பார்க்கிறார்! பிரஷர் மளமளவென்று இறங்குகிறது. காலைப் பிடித்து நீட்டினேன். பம்ப் மறுபடி ஊதிய பிறகுதான் எனக்கே உயிர் வந்தது. பயத்தில் கத்திவிட்டேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே என்னைக் கண்டித்தார்.

"சம்பந்தி நிக்கறப்ப காலை நீட்டிப் படுத்திருந்தா, நாளைக்கு எம்புள்ளைய அந்த ஊட்டுல யாருங்க மதிப்பாங்க?"

இரண்டு நாள் கழித்துப் பலூனை எடுத்து அவரை நடக்க வைத்தோம். அந்த இரண்டு நாளும் அவர் உயிரைக் காப்பாற்றியது லேசருமல்ல, என் பம்ப்புமல்ல, மறுபடி பார்க்க வந்த சம்பந்தியை ஐ.சி.யூ. கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்த வாட்ச்மேன்தான்.