கணினிக்குள் பிள்ளையார் சுழி

திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் போடும் ரிக் வண்டி வடக்கே போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் சத்தீஸ்கரில் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் போய்வந்த கதையைச் சொல்லி டீக்கடையில் நம் காதைத் துளைத்துக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டிலும் சேராதவன். ரிக் கம்பெனி ஆபீசில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பில் போட்டவன். போர்வெல் குழியை எட்டிப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும்.

இந்தப் பக்கம் போர் போடுகிறவர்கள் குறைந்துபோனதும் ஓனர் ஆபீசை மூடினார். என்னைக் கூப்பிட்டு, "வர்ற திங்கக்கெழம வண்டி கெளம்புது. மேனேஜரா நீ ஏறிக்க. ஆளுங்களுக்குச் சோறு, வண்டிக்கு டீசல், எல்லாம் நீதான் பாத்துக்கோணும். மழ புடிக்கற வரைக்கும் திரும்ப முடியாது" என்றார்.

"அப்பா வேற இப்பிடிக் கெடக்கறாருங்ணா..."

"அதுக்குத்தான் யோசிச்சுச் சொல்லுங்கறேன். நீ வாரலீன்னா நான் வேற ஆளப் புடிக்கோணும்."

அப்பா பக்கவாதம் வந்து படுத்திருந்தார். ஒரு பக்கம் கைகால் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. டாக்டர், "ஊட்டுல வெச்சுப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூக்கில் போட்ட குழாயை நல்ல கையால் அவரே பிடுங்கி எறிந்தார். மறுபடி போட விடவில்லை. அதனால் கரண்டியில் கஞ்சிதான். படுக்கைப் புண் வராமல் அவரைத் திருப்பிப் போட வேண்டும். உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டுதான் ஊட்ட வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் டீச்சர். பகலெல்லாம் அவள் அங்கே இருந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே தூக்குவதும் திருப்புவதும் என் இலாகா. நான் சத்தீஸ்கர் போய்விட்டால் அப்பாவைத் தூக்க ஆள் இல்லை. அதைவிட, மழைக்காலம் வரை அவர் இருப்பார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. செய்தி வந்தால் அங்கிருந்து எந்த ரயிலைப் பிடிப்பது, எங்கே மாறுவது என்றுகூட நான் போனில் பார்த்து வைத்திருந்தேன். பயந்தாங்கொள்ளிகளுக்கு முன்யோசனை அதிகம்.

பெங்களூரிலிருக்கும் என் மச்சினன்தான் ஒரு வழி சொன்னான். அவனும் ஒரு பார்ட்னருமாக வெப்சைட் செய்து தரும் சின்னக் கம்பெனி நடத்துகிறார்கள். அப்பா படுத்ததிலிருந்து நான் அவர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வெப்சைட் வேலையை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும்.

"மாமா, ஊட்டுல இருந்தே பாக்கற வேல ஒன்னு இருக்குது. பழைய வெப்சைட்டுகளக் கவனிச்சுக்கோணும். ஆனா என்ற பார்ட்னரு ஒத்துக்கோணுமே! திங்கக்கெழம காத்தால வீடியோ கால்ல வாங்க. எங்க புராஜெக்டு ஒன்னு அனுப்பறேன். அது உங்க மிஷின்ல ஓடறதக் காட்டுங்க. அதுகூட ஓடலீன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவருகிட்டப் பேசறது?"

"அது கஷ்டமா மாப்ள?"

"காலேஜுப் பசங்க டீ குடிக்கற நேரத்துல பண்ணிப்போடுவாங்க."

நான் டீயைக் குடித்துவிட்டே உட்கார்ந்தேன். அது சனிக்கிழமை காலை.

வெப்சைட் வேலை செய்ய முதலில் நம் கம்ப்யூட்டரிலேயே ஒரு பட்டறை போட வேண்டும். எழுதுவதற்கு ஒரு மென்பொருள், எழுதியதை ஓட்டுவதற்கு ஒன்று, மாற்றங்களைப் பத்திரப்படுத்த இன்னொன்று. இந்த மூன்றையும் இறக்கி நிறுவிய பிறகு, கறுப்புத் திரையில் ஒரு கட்டளை கொடுத்தால் புராஜெக்டுக்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் இணையத்திலிருந்து தானாக வந்து சேரும். கடைசியாக இன்னொரு கட்டளை. பிரவுசரில் வெப்சைட் திறக்கும். அது நம் கம்ப்யூட்டரில் மட்டும் தெரியும், வெளியே எவனுக்கும் தெரியாது. எவனுக்கும் தெரியாத அந்த ஒரு பக்கத்துக்குத்தான் இத்தனை பாடு.

மூன்றும் நல்லபடியாக இறங்கின. சாமான்களை வரவழைக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்துகள் சரசரவென்று ஓடி நின்றன. குறிப்பிட்ட இடத்தைக் காணவில்லை என்றது. எந்த இடம் என்று பார்த்தால், வரிசையாகக் கேள்விக்குறிகள். திரும்பக் கொடுத்தேன். திரும்பவும் அதே சிவப்பு. மூன்றையும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவினேன். சிவப்பு. புராஜெக்டை வேறு டிரைவுக்கு மாற்றினேன். சிவப்பு. மிஷினை அணைத்து, மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி போட்டேன். அது மூச்செல்லாம் விடவில்லை. சிவப்புத்தான்.

இடையிடையே அம்மா, "சாமி, அப்பனத் திருப்பிப் போடு" என்பார். போய்த் திருப்பிவிட்டு வருவேன். அவர் நல்ல கண்ணால் என் முகத்தையே பார்ப்பார். நான் சிரிப்பேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

ஞாயிறு காலை மானத்தை விட்டு மச்சினனுக்கே போன் போட்டேன். சிவப்பு எழுத்துகளைப் படம் எடுத்து அனுப்பினேன்.

"மாமா, மிஷின்ல உங்க யூசர் பேரு என்ன?"

"அதெதுக்கு?"

"சொல்லுங்களேன்."

"பிள்ளையார் சுழி. அப்பறம் 'கருப்பணார் துணை'."

நான் சொன்னதைத் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு, "லாரி நெத்தியில எழுதற மாதிரியேங்களா?" என்றான்.

நடந்தது இதுதான். இந்தப் பழைய லேப்டாப்பை வாங்கி வந்த அன்று அது என் பெயரைக் கேட்டது. பக்கத்தில் அம்மா குங்குமக் கிண்ணத்தோடு நின்றிருந்தார். "மொதல்ல பிள்ளையார் சுழி போடு சாமி, அப்பறம் கருப்பணாரு பேர எழுது. அப்பனுக்கு நல்லாவோணும்" என்றார். எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை, மளிகைச் சீட்டு, டிராக்டர், ரிக் வண்டி எதுவும் அந்தச் சுழி இல்லாமல் தொடங்குவதில்லை. ஆபீசில் தமிழில் பில் அடித்துப் பழகியவன் என்ற திமிரும் எனக்கு இருந்தது. மளமளவென்று அடித்தேன். அந்தப் பெயரிலேயே மிஷின் ஒரு அறையைக் கட்டிக்கொண்டு, என் சாமான் அத்தனையையும் அதற்குள் வைக்கத் தொடங்கியது. நான் இறக்கிய மென்பொருள்களுக்கோ தமிழும் தெரியவில்லை, குலதெய்வமும் தெரியவில்லை. வாசலில் நின்று கேள்விக்குறி கேள்விக்குறியாகப் போட்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கின்றன.

"பேர மாத்திட்டாச் செரியாயிருமா?"

"வெளிய இருக்கற பேருதான் மாறும் மாமா. உள்ள ரூமு பழைய பேருலயேதான் இருக்கும். புதுசா இன்னொரு யூசரு போடுங்க. இங்கிலீசுல, எடவெளி இல்லாம, சின்னதா. எல்லாத்தையும் அதுல மறுபடி ஏத்துங்க."

போனை வைத்துவிட்டு நான் மிஷினில் கை வைக்கவில்லை. சும்மாவே உட்கார்ந்திருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அப்பா பிழைக்க வேண்டும் என்று போட்ட பெயர் அது. அதை விட்டு வெளியே வந்து, சாமி இல்லாத ஒரு பெயரில் உட்கார வேண்டும். அதுவும் அவர் இப்படிக் கிடக்கும்போது. எனக்குக் கடவுள் நம்பிக்கை கொஞ்சம்தான். பயம் நிறைய. இரண்டும் ஒன்றுதான் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

சமையற்கட்டில் மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டாள்.

"கருப்பணார அழிக்கோணும்னு அவன் சொன்னானா?"

"இல்ல. புதுசா ஒன்னு போடச் சொன்னான்."

"அப்பறமென்னங்க? அவரு அங்கயே இருக்கட்டும். நீங்க பக்கத்துல தனிக்குடித்தனம் போங்க. கண்ணாலமானதுல இருந்து நான் கேட்டு நடக்கல. கம்ப்யூட்டருக்காவது நடக்கட்டும்."

மதியம் அம்மா அப்பாவுக்குக் கஞ்சி ஊட்ட உட்கார்ந்தார். மனைவி அவரை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். நான் புதுப் பெயரை அடித்தேன். வெறும் நாலு எழுத்து, 'வேலை' என்பதற்கு இங்கிலீஷில் என்னவோ அது. பழைய அறையை விட்டு வெளியேறும் பொத்தானை அமுக்கினேன். புது அறை வெறிச்சென்று திறந்தது. மூன்றையும் ஏற்றினேன். சாமான்களை வரவழைக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏனுங்க! ஓடியாங்க!"

கஞ்சி புரையேறிவிட்டது. அப்பாவின் முகம் நீலம் பாரித்திருந்தது. சத்தமே வரவில்லை, அதுதான் கொடுமை. அவரை முன்னால் சாய்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். மனைவி வாய்க்குள் விரலை விட்டு வழித்தாள். அம்மா, "கருப்பணாரே, கருப்பணாரே" என்று கத்திக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு முறையும் அது என்னை அதட்டுவதுபோலவே கேட்டது. நாலு எழுத்துக்கு ஆசைப்பட்டு அப்பனைக் கொன்றுவிட்டேன் என்று தட்டத் தட்ட நினைத்தேன். பிறகு அவர் ஒரு இழுப்பு இழுத்தார். கஞ்சி என் சட்டை முழுவதும் வந்தது. மூச்சும் வந்தது.

அவரைச் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி நர்ஸம்மாவுக்குப் போன் செய்தோம். விவரம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "முழுங்கறது தளர்ந்து போச்சுங்க. இனி இது அடிக்கடி வரும். ஒவ்வொரு தடவையும் இப்பிடி நிமித்திப் புடிக்கறதுக்கு ஆள் வேணும். புடிச்சாலும் எல்லாத் தடவையும் கேக்கும்னு நான் சொல்ல மாட்டேனுங்க."

கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். திரையில் சிவப்பு இல்லை. நாங்கள் அங்கே அவரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் சாமான் எல்லாம் வந்து இறங்கி, அடுத்தது என்ன என்று கேட்டு நின்றது. கடைசிக் கட்டளையைக் கொடுத்தேன். பெங்களூரில் ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் வெப்சைட் திறந்தது. மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. கஞ்சிச் சட்டையோடு நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரவேண்டிய இடம் அது என்று தெரிந்தது. வரவில்லை.

அந்தப் பக்கத்தை மூடாமல் பழைய அறைக்கு மாறி, அது இருக்கிறதா என்று பார்த்தேன். சுழியும் பேரும் இருந்தன. பின்னால் மனைவி வந்து நின்றது தெரியவில்லை.

"என்ன பண்றீங்க?"

"சும்மா. எட்டிப் பாத்துட்டு வாரேன்."

"தனிக்குடித்தனம் போன அன்னைக்கே அம்மா ஊட்டுக்கா?" என்றாள். அவள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் இரண்டையும் செய்தேன்.

திங்கட்கிழமை காலை வீடியோ காலில் பார்ட்னர் இங்கிலீஷில் பேசினார். என் இங்கிலீஷ், சந்துக்குள் லாரியை ரிவர்ஸ் எடுப்பதுபோல மெதுவாக, நாலு பக்கமும் பார்த்துத்தான் வரும். மண்டபத்தின் தலைப்பை வேறு நிறத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். அது மாறியது. அப்போது பின்னாலிருந்து அப்பாவின் முனகல் கேட்டது. யார் என்று பார்ட்னர் கேட்டார். அப்பா என்றேன், எப்படிக் கிடக்கிறார் என்றும் சொன்னேன். நடுநடுவே எழுந்து போவேன், ஆனால் வேலையை முடிக்காமல் படுக்க மாட்டேன் என்றேன். மச்சினன் ஒரு மூலைச் சதுரத்தில் மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தான். பார்ட்னர், சோதனையாகச் சில மாதம் பார்க்கலாம், இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றார்.

உடனே ஓனருக்குப் போன் செய்தேன். "நான் வாரலீங்ணா. ஊட்டுலயே ஒரு வேல கெடைச்சிருச்சு."

"செரி, செரி. மாத்து ஆளு சொல்லித்தான் வெச்சிருக்கறேன். உன்ற கொரல்லயே அன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு எனக்கு." வைக்கப் போனவர் மறுபடி பேசினார். "எங்கப்பன் போனப்ப நான் வண்டியோட ஆந்திராவுல நின்னேன். சாம்பலத்தான் பாத்தேன். நீ இரு."

போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போனேன். "நான் வடக்க போகலீங்கப்பா. இங்கயேதான் இருப்பேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நிம்மதியா, இன்னும் எத்தனை நாளைக்கு என்ற சலிப்பா, எனக்குப் பிடிபடவில்லை.

அன்று மதியம் மனைவி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். அப்பாவை நிமிர்த்தி என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அம்மா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். இனி நான்தான் ஊட்டுவேன் என்று சொல்லியிருந்தேன். முதல் கரண்டி இறங்கியது. அவர் தொண்டையில் அது ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டாவது கரண்டியை எடுத்தேன். தொண்டையிலிருந்து கண்ணை எடுக்காததில், பாதிக் கஞ்சி அவர் வேட்டியில் கொட்டியது.

"மெதுவா சாமி" என்றார் அம்மா. "அவசரம் ஒன்னுமில்ல."