அக்கா உட்கார ஒரு கதிரை

எங்கள் வீட்டில் நல்ல பொருளுக்கெல்லாம் ஒரே பட்டம்தான்: ஸ்ட்ரோங். பிளேன்டீ ஸ்ட்ரோங், இருமல் மருந்து ஸ்ட்ரோங், மழைக்கு வாங்கிய குடையும் ஸ்ட்ரோங். தமிழில் வேறு வார்த்தையே இல்லையா என்று அலுத்துக்கொள்வேன். என் வாயிலும் அதுதான் வரும். ஊரார் அந்தப் பட்டத்தை என் அக்காவுக்கும் கொடுத்திருந்தார்கள். புசல்லாவையில் தேயிலைக் கொழுந்து பறித்து எங்களை ஆளாக்கியவள். நல்ல பருமன்.

ஒரு கல்யாணத்தில் அவள் உட்கார்ந்த பிளாஸ்டிக் கதிரை கால் விரிந்து உடைந்துபோனது. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க எல்லோரும் பட்ட பாடுதான் அவளுக்கு வலித்திருக்கும். அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் அக்கா உட்காரவில்லை, என் கல்யாணத்திலும்கூட. எவ்வளவு ஸ்ட்ரோங் பாருங்கள், நின்றபடியே இருக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது என் மகளுக்குப் பிலிமத்தலாவையில் கல்யாணம். வீட்டிலிருந்தே ஆசீர்வாதம் பண்ணுகிறேன் என்றாள் அக்கா. பெரியத்தை இல்லாமல் மேடை ஏறமாட்டேன் என்று மகள் அழுதாள். அந்த அழுகைக்கு அக்கா இறங்கிவந்தாள். ஆனால் அவள் முழங்கால் இருக்கிற நிலையில் கொஞ்ச நேரம் நிற்பதே பெரும்பாடு.

அக்குறணைக்குப் பஸ் ஏறினேன். கதிரைக் கடைக்கார முஸ்லிம் நானாவிடம் ஸ்ட்ரோங்கானதாக ஒன்று கேட்டேன். எல்லாமே ஸ்ட்ரோங்தான் என்றார்; எந்தக் கடைக்காரர்தான் இல்லை என்பார்? விஷயத்தை உடைத்துச் சொன்னேன். அவரும் கனத்த சரீரம். பேச்சை நிறுத்தி, தன் மேசைக்குப் பின்னாலிருந்த பலாமரக் கதிரையை இழுத்துத் துடைத்தார்.

"நாளெல்லாம் நான் இரிக்கிற கதிரை இது. கொண்டு போங்க. ஒங்கட அக்கா பயமில்லாம இரிக்கட்டும்."

மண்டபத்துக் கதிரைகளின் வெள்ளை உறையையே அதற்கும் மாட்டி முன்வரிசையில் வைத்தேன். அக்காவின் காதில் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

தாலி கட்டும்போது எல்லோரும் எழுந்து அட்சதை போட்டோம். அக்கா உட்கார்ந்தபடியே போட்டாள். முந்தி மாதிரி ஸ்ட்ரோங் இல்லை என்று பின்னால் யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒன் கல்யாணத்துல தாலி கட்டுனத நான் பாக்கவே இல்ல தம்பி. செவத்தோரமா நின்னதுல ஒன்னுமே தெரியல. இன்னைக்குத்தான் கண்ணாரப் பாத்தேன்."