ரவுண்டானாவில் நடந்த முற்றுகை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் இருபத்தாறு வருடங்களை வண்டி ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையிலேயே கழித்திருந்தார். அவர் காலடியில் தனியாக ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் உண்டு. ஸ்டியரிங் மட்டும் கிடையாது.

"உங்க குணமே அதான்" என்பாள் மனைவி. "எங்க போகணும்னு சொல்ல மாட்டீங்க. ஆனா போறவங்கள நிறுத்திடுவீங்க."

வீட்டில் செய்தி பார்க்கும்போதும் அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும். எல்லையில் சண்டை மூண்ட பிறகு அந்த இடத்தில் தரைவிரிப்பு ஓட்டையாகிவிட்டது.

சண்டையின் நான்காவது மாதத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆளுக்கு ஒரு மணி நேரம் என்றிருந்த பாடம் இருபது நிமிடமாகச் சுருங்கியது. மூன்று பேரை ஒரே காரில் ஏற்றி, மாற்றி மாற்றி ஓட்டவைக்க வேண்டியதாயிற்று. காலை ஏழு மணி வண்டியில் சேர்ந்த மூவரையும் ஓட்டக் கற்க வைத்ததே அந்தச் சண்டைதான். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வந்தது, ஊர் பஸ்களில் பாதியை ராணுவம் எடுத்துக்கொண்டதால். பேக்கரிக்காரர் வந்தது, அவருடைய வேன் டிரைவரை ராணுவம் எடுத்துக்கொண்டதால். பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் வந்தது, ஆம்புலன்ஸ் இருந்தும் ஓட்ட ஆள் இல்லாததால்.

முதல் நாளே தலைமையாசிரியர் இரண்டாவது கியரில் தொடங்கிவிட்டார்.

"ஆத்தைத் தாண்டின அன்னைக்கே நிக்காம அடிச்சிருக்கணும். நம்ம ஜெனரலுக்குத் துணிச்சல் பத்தல."

"சார், நீங்க பாக்குறது மேப். நான் பாக்குறது வார்டு" என்றாள் நர்ஸ் பின்னாலிருந்து. "பேசித் தீத்துக்கலாம்னு ஒருத்தனுக்கும் தோணலையே."

பதில் சொல்லத் தலைமையாசிரியர் முழுசாகப் பின்னால் திரும்பினார். கார் தபால் பெட்டியைப் பார்த்துப் போனது. மாஸ்டர் பிரேக்கை மிதித்தார்.

அத்தோடு அவர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் நான்கு மாதமாக அவர் மனதிலும் ஒன்று குமைந்துகொண்டிருந்தது.

"துணிச்சலும் இல்ல, பேச்சும் இல்ல. ஆத்தைத் தாண்டி இண்டிகேட்டர் போடாம லெஃப்ட்ல திரும்பினாங்க. அதான் இடி வாங்கினாங்க."

"எதிரிக்கு எதுக்கு மாஸ்டர் இண்டிகேட்டர் காட்டணும்?"

"எதிரிக்கு இல்லம்மா. பின்னாடி வர்ற நம்ம ஆளுங்களுக்கு."

"இது கரெக்ட்" என்றார் பேக்கரிக்காரர். அவர் யார் கடைசியாகப் பேசினாலும் கரெக்ட் என்பார்.

மறுநாள் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். ஸ்டியரிங் யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும் பேசலாம். பின் சீட்டு கப்சிப். விபத்து குறையும் என்று நினைத்தார். நடந்தது வேறு. தன் முறை முடிந்தாலும் ஒருவரும் வண்டியை நிறுத்தவில்லை. தலைமையாசிரியர் பேச்சு நீளவேண்டும் என்று மணிக்குப் பதினைந்து கிலோமீட்டரில் ஊர்ந்தார். நர்ஸுக்குச் சொல்ல நிறைய இருந்ததால் வேகம் அறுபதைத் தொட்டது. சொந்தமாகக் கருத்து இல்லாத பேக்கரிக்காரர், முந்தைய இருவர் பேசியதையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு, "ரெண்டும் கரெக்ட்" என்று முடிப்பார்.

ஒரு வாரம் பொறுத்து நர்ஸ் கேட்டாள்: "மாஸ்டர், நீங்க கட்சி பாத்து பிரேக் போடுறீங்களா?"

"யாரு, நானா?"

"சார் 'இறுதி வெற்றி'ன்னப்போ ஒரு தடவை போட்டீங்க. நான் 'பேச்சுவார்த்தை'ன்னப்போ மூணு தடவை."

"நாய் குறுக்க வந்துச்சும்மா."

"மூணு தடவையுமா?"

மாஸ்டர் ஜன்னல் வழியே நாயைத் தேடினார்.

எல்லாவற்றுக்கும் உச்சம் ரவுண்டானாவில் நடந்தது. எதிரியின் ஒரு நகரத்தை நம் படை சுற்றி வளைத்துவிட்டதாக அன்று காலைச் செய்தி. அது சரியான முடிவா, தப்பான முடிவா என்ற விவாதத்தோடு தலைமையாசிரியர் ரவுண்டானாவுக்குள் நுழைந்தார். நடுவில் தண்ணீர் வராத நீரூற்று ஒன்று நின்றது.

"இதுதான் அந்த நகரம்னு வெச்சுக்கங்க" என்றார். "நாலு ரோடும் சப்ளை வழி. இப்போ நான் சுத்துறேன். எவன் உள்ள வர்றான்னு பாப்போம்."

சுற்றினார். நுழையப் பார்த்த வண்டிகளை எல்லாம் ஹாரன் அடித்துத் தடுத்தார். மூன்றாவது சுற்றில் நர்ஸ் சட்டத்தை மீறினாள்.

"உள்ள இருக்குற ஜனங்க என்ன சார் சாப்பிடுவாங்க?"

"அவங்க சரணடையலாமே!"

"யாருகிட்ட? நீங்கதான் நிக்கவே மாட்டேங்கிறீங்களே!"

மாஸ்டர் ஒரு மிதி மிதித்திருந்தால் தீர்ந்திருக்கும். அவர் மிதிக்கவில்லை. இதைப் பிற்பாடு மனைவியிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்: முற்றுகை நிற்குமா நிற்காதா என்று பார்க்க அவருக்கும் ஆசையாக இருந்தது. ஒன்பதாவது சுற்றில் பேக்கரிக்காரர் முகம் வெளுத்து, "நான் சரணடையிறேன், என்னை இறக்கி விடுங்க" என்றார். பதினோராவது சுற்றில் போக்குவரத்துக் காவலர் கை காட்டி நிறுத்தினார்.

"என்ன சார் பண்றீங்க?"

"முற்றுகை" என்றார் தலைமையாசிரியர்.

காவலர் தொப்பியைக் கழற்றி, நான்கு ரோடுகளையும் நிதானமாகப் பார்த்தார். "வடக்க கோட்டை விட்டுட்டீங்களே சார். நீங்க அந்தப் பக்கம் போனப்போ தபால் வேன் ரெண்டு உள்ள புகுந்துடுச்சு." பிறகு ஜன்னலில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு தன் கருத்தைச் சொல்லத் தொடங்கினார். நான்கு ரோட்டிலும் வண்டிகள் தேங்கின. என்ன ஏது என்று கேட்க இறங்கி வந்தவர்கள் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து மேலதிகாரி வந்து கூட்டத்தைக் கலைத்தார். அவர் எழுதிய சீட்டில் 'போக்குவரத்துக்கு இடையூறு. காரணம்: யுத்தம்' என்றிருந்தது.

அடுத்த மாதம் மாஸ்டருக்கே அழைப்பு வந்தது. எல்லைக்குப் பக்கத்து முகாமில் லாரி ஓட்டக் கற்றுத்தர வேண்டும். தலைமையாசிரியர் ஒன்பது பக்கத்தில் ஒரு போர்த் திட்டம் எழுதி, "ஜெனரல் கையில நேரா குடுத்துடுங்க" என்று ஒப்படைத்தார். பேக்கரிக்காரர் ஒரு பெட்டி பிஸ்கட் தந்தார். நர்ஸ் காயக்கட்டுத் துணி இரண்டு சுருள் தந்து, "கத்துக்க வர்றவங்கள அவசரப்படுத்தாதீங்க மாஸ்டர்" என்றாள்.

ராணுவ லாரியில் அவர் பக்கம் பிரேக் இல்லை. முதல் வாரம் முழுக்க வெறும் தகரத்தை மிதித்து மிதித்துக் கணுக்கால் வீங்கியது. பதினோரு வாரத்தில் நாற்பத்தொரு பேருக்குச் சொல்லிக்கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் நான்கைந்து பேர் வரிசையாக வடக்கே ஓட்டிப் போவார்கள். திரும்பினார்களா என்று குமாஸ்தாவிடம் கேட்டால், "அந்தப் பட்டியல் இந்த ஆபீஸ்ல இல்ல" என்பார். மாஸ்டர் வாராவாரம் கேட்டார். பதிலும் வாராவாரம் அதேதான்.

இளைத்துக் கறுத்து ஊர் திரும்பியபோது, மனைவி அவருடைய இருக்கையில் உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருபது வருடமாக லைசென்ஸ் உண்டு. ஒருமுறைகூடப் பிரேக்கைத் தொடாமல் நர்ஸையும் பேக்கரிக்காரரையும் பாஸ் பண்ண வைத்திருந்தாள். தலைமையாசிரியர் மட்டும் இரண்டு தடவை தவறியிருந்தார். இரண்டு தடவையும் தேர்வு அதிகாரியோடு எல்லைப் பிரச்சினை பேசியதால்.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"சொல்லுங்க மாஸ்டர், போர் எப்படிப் போகுது?"

"ஒரே சேறு சார். லாரி நகர மாட்டேங்குது."

"அது சரி, போர்?"

"அதான் சொல்றேனே. சேறு."

தலைமையாசிரியர் பரிவோடு அவர் தோளைத் தட்டினார். "நீங்க அங்கேயே இருந்துட்டீங்க மாஸ்டர். அதான் உங்களுக்கு நிலவரம் பிடிபடல. நாங்க இங்க தினமும் பாக்குறோம்." கொஞ்சம் தயங்கி, "என் திட்டம்?" என்றார்.

மாஸ்டருக்குப் பொய் வரவில்லை. "ஒரு லாரி சேத்துல மாட்டிக்கிச்சு சார். சக்கரத்துக்குக் கீழ வைக்க எதுவும் இல்ல. ஒன்பது பக்கத்தையும் வெச்சோம். வண்டி மேல ஏறிடுச்சு."

தலைமையாசிரியரின் கண்கள் கலங்கின. "அப்போ களத்துல பயன்பட்டிருக்கு!" என்றார்.

விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. மாஸ்டரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நர்ஸ் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்து, அங்கேயே கணுக்காலை அழுத்திப் பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து மாஸ்டருக்கு ஒரு தபால் அட்டை வந்தது. நாற்பத்தொரு பேரில் ஒருவன் எழுதியிருந்தான். அவனுக்கு ரிவர்ஸ் மட்டும் கடைசிவரை வரவேயில்லை. 'மாஸ்டர், உடைஞ்ச பாலத்துகிட்ட அரை கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே வந்தேன். எங்கயும் இடிக்கல. பின்னாடி பதினாலு பேர் இருந்தாங்க.'

மாஸ்டர் அதை மனைவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். மூன்றாம் தடவை அவளே வாங்கிப் படித்தாள். பிறகு பொறுக்கமாட்டாமல் பேக்கரிக்கு எடுத்துப் போனார். தலைமையாசிரியர் கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார்.

"ரிவர்ஸ்!" என்றார். "அப்போ நம்ம படை பின்வாங்குது! ஒரு டீவிலயும் சொல்லலையே!"

"ஒரு லாரிதான் சார் பின்னால வந்திருக்கு" என்றாள் நர்ஸ்.

"பின்வாங்கல் ஒரு லாரியிலதாம்மா ஆரம்பிக்கும்."

"ரெண்டும் கரெக்ட்" என்றார் பேக்கரிக்காரர்.

ரொட்டி வாங்க வந்த ஆறு பேர் பையோடு நின்றுவிட்டார்கள். அட்டை கைக்குக் கை மாறி, மாவு படிந்து, கல்லாப் பக்கம் வரை போயிருந்தது. மாஸ்டர் கூட்டத்துக்குள் கை விட்டு அதைப் பிடுங்கினார். மாவைச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று மணி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.